எலும்பு குறைந்தவர்க்குக் குறு உள்வைப்பு: நம்பத் தகுந்ததா?

(அறக்கட்டளை விழாவின் மருத்துவ அரங்கில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

  

விருந்து முடிந்து அமர்ந்திருக்கும் அவையின் முன் பல்லைப் பற்றிப் பேசுவது ஒரு வகையில் பொருத்தமே. சற்று முன் பந்தியில் நான் உண்டதைவிடப் பார்த்ததே அதிகம். வடையின் மொறுமொறுப்பான ஓரத்தைப் பிட்டு இலையின் மூலையில் ஒதுக்கியவர்களைப் பார்த்தேன். சுண்டலைத் தொடாமல் பாயசத்துக்குச் சென்றவர்களைப் பார்த்தேன். ஒரு பக்கத்தால் மட்டுமே மெல்லும் பெரியவர்களும் கண்ணில் பட்டார்கள். அவர்களுள் சிலர் என்னிடம் முன்பே சொல்லியிருக்கிறார்கள்: “எலும்பு இல்லையாம், அதனால் இம்பிளாண்ட் வைக்க முடியாதாம்.” வேறு சிலருக்கு, “முதலில் எலும்பு வைத்து வளர்க்க வேண்டும், பிறகுதான் பல்” என்று சொல்லப்பட்டிருக்கிறது.

அப்படிச் சொல்லப்பட்டவர்களுக்காகவே இன்றைய உரை. எலும்பு குறைந்த இடத்தில் நீளம் குறைந்த உள்வைப்பைப் பொருத்தலாமா? பொருத்தினால் நிலைக்குமா? இக்கேள்வி எல்லா மக்களுக்கும் பொதுவானது. ஆயினும் நம் குடும்பங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பொருள் உண்டு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் சொந்தத் தவறு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கேள்விக்கு நான் சொல்லாத விடை

நான் தொழில் தொடங்கிய காலத்தில், நம் சமூகத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார். மேல்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பற்களை இழந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எலும்பின் உயரம் குறைந்திருந்தது. அக்காலத்தில் நான் கற்றிருந்த முறைப்படி, சைனஸ் அறையின் அடித்தளத்தை உயர்த்தி, இடைவெளியில் எலும்புத் துகளை நிரப்பி, ஆறிய பின் உள்வைப்பைப் பொருத்தினேன். மருத்துவ முறையில் ஒரு குறையும் நேரவில்லை. அவர் அந்தப் பக்கத்தால் நன்றாக மென்று உண்ணவும் தொடங்கினார்.

சில மாதங்கள் கழித்துத் தம் பேத்தியுடன் வந்தார். பேத்தி மருந்தியல் மாணவி. சிகிச்சைக் குறிப்போடு ஒட்டியிருந்த சிறு சீட்டை என் மேசைமீது வைத்து, “இந்தத் துகள் எதிலிருந்து எடுக்கப்பட்டது, டாக்டர்?” என்று கேட்டாள். மாட்டின் எலும்பிலிருந்து எடுத்துத் தூய்மை செய்த துகள் அது. சீட்டில் அவ்வாறே அச்சிட்டிருந்தது. சொன்னேன்.

மூதாட்டி கோபம் கொள்ளவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வாயில் விழுந்திருந்தால் துப்பியிருப்பேன், தம்பி. எலும்போடு சேர்ந்ததை எப்படித் துப்புவது?” என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. அத்துகள் மிக மெல்லவே கரையும். பல ஆண்டுகள் உடலில் இருக்கும். வாழ்நாள் முழுதும் நீரை வடிகட்டிக் குடித்தவர், கிழங்கையும் விலக்கியவர், பொழுது சாய்ந்த பின் உண்ணாதவர் அவர். அவரிடம் நான் ஒரு சொல் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். பொய் சொல்லவில்லை என்று நான் என்னையே தேற்றிக்கொண்டதுண்டு. கேளாதவரிடம் சொல்லாமல் விடுவதும் மறைப்பதுதான் என்பதை அன்று உணர்ந்தேன்.

அன்று முதல் இரண்டு கேள்விகள் என்னை விடவில்லை. எலும்பு நிரப்பாமலே பல் பொருத்தும் வழி உண்டா? உண்டென்றால், அது உண்மையிலேயே உறுதியானதா, அல்லது நம் மனநிறைவுக்காக நாம் ஏற்றுக்கொள்ளும் இரண்டாந்தர மருத்துவமா? இரண்டாவது கேள்வியே முக்கியமானது. கொள்கையைக் காரணம் காட்டி நலிந்த சிகிச்சையை ஒருவருக்குப் பரிந்துரைப்பதும் அவருக்குத் தீங்கு செய்வதேயாகும்.

எலும்பு ஏன் குறைகிறது?

பல்லைத் தாங்கும் தாடை வரம்பு பல்லுக்காகவே வாழும் எலும்பு. மெல்லும்போது வேர் வழியாகச் செல்லும் விசையே அதற்கு வேலை. பல்லை எடுத்துவிட்டால் வேலை இழந்த எலும்பை உடல் தானே கரைத்துக்கொள்ளத் தொடங்கும். பல் எடுத்த ஓராண்டுக்குள் வரம்பின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடுகிறது. அக்குறைவில் மூன்றில் இரு பங்கு முதல் 3 மாதங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஈறு நோயால் பல் விழுந்தவர்களுக்கு எலும்பு அதற்கு முன்பே கரைந்திருக்கும்.

கடைவாய்ப் பகுதியில் வேறு இரண்டு தடைகளும் உண்டு. மேல்தாடையில் கடைவாய்ப் பற்களுக்கு மேலே சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. பற்கள் போனபின் அவ்வறை கீழ்நோக்கி விரிகிறது. கீழே வரம்பும் மேலே அறையும் ஒன்றையொன்று நெருங்க, நடுவே சில மில்லிமீட்டர் எலும்பே எஞ்சும். கீழ்த்தாடையில் எலும்புக்குள்ளேயே ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுவே. உள்வைப்பின் நுனிக்கும் அந்நரம்புக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளியாவது விடுவது பாதுகாப்பு. நரம்பு காயப்பட்டால் உதடு மரத்துப்போகும். அது மீளாமலும் போகலாம்.

ஆகவே “எலும்பு இல்லை” என்று மருத்துவர் கூறும்போது, நெடிய உள்வைப்புக்குப் போதிய உயரம் இல்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். எலும்பே அற்றுப்போயிற்று என்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை.

உலோகம் எலும்போடு ஒன்றும் கதை

இம்பிளாண்ட் என்று நாம் வழக்கில் சொல்லும் பல் உள்வைப்பு, டைட்டானியம் உலோகத்தாலான ஒரு சிறு திருகாணி. தாடை எலும்பில் அதைப் பதித்து, அது எலும்போடு இறுகிய பின் அதன்மேல் கேப் எனப்படும் பல்முடியைப் பொருத்துகிறோம்.

இதன் வரலாறு ஒரு தற்செயலில் தொடங்கியது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரானேமார்க், 1952-ஆம் ஆண்டில் எலும்பினுள் இரத்த ஓட்டத்தைக் காண்பதற்காக முயல்களின் காலெலும்பில் டைட்டானியக் குழல்களைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அவற்றைக் கழற்ற முயன்றபோது கழற்ற முடியவில்லை. எலும்பு உலோகத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1965-இல் அவர் கோதன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக அவ்வகைப் பல் உள்வைப்பைப் பொருத்தினார். லார்சன் 2006-இல் மறையும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவற்றால் உண்டு வாழ்ந்தார்.

இந்த அறிவு விலங்குகளின்மீது நடத்திய சோதனையிலிருந்து வந்தது என்பதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பயன்பெறும் நாம் அதை அறிந்தே பயன்பெற வேண்டும்.

குட்டையானதை ஏன் நம்பவில்லை?

நெடுங்காலம் வரை 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட நீளமே பாதுகாப்பானது என்று நாங்கள் கற்பிக்கப்பட்டோம். காரணம் எளிது. இயற்கைப் பல்லின் வேர் நீண்டது. ஆழமாக ஊன்றிய கம்பம் நிற்கும், மேலோட்டமாக ஊன்றியது சாயும் என்பது உலக அனுபவம். அதற்கேற்ப, தொடக்க காலத்தில் பொருத்திய 7 மி.மீ. உள்வைப்புகள் நெடியவற்றைவிட அதிகமாகத் தோல்வியுற்றன. ஆகவே ‘குட்டையானது ஆபத்து’ என்பது ஒரு விதியாகவே நிலைத்துவிட்டது.

பின்னர் இரண்டு செய்திகள் தெளிவாயின.

முதலாவது, பழைய உள்வைப்புகளின் மேற்பரப்பு. அவை இயந்திரத்தில் கடைந்த, வழவழப்பான உலோகம். எலும்பு பற்றிக்கொள்ள அவற்றில் இடம் குறைவு. பிற்காலத்தில் மேற்பரப்பை மணல் போன்ற துகளால் தாக்கியும் அமிலத்தால் அரித்தும் சொரசொரப்பாக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழிகளில் எலும்பு வேகமாகவும் மிகுதியாகவும் பற்றுகிறது. நீளத்தில் இழந்ததை மேற்பரப்பில் ஓரளவு ஈடுசெய்ய முடிந்தது.

இரண்டாவது, விசை செல்லும் வழி. கம்பத்தை மண்ணில் ஊன்றுவதற்கும் எலும்போடு ஒன்றிய திருகாணிக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நாம் மெல்லும்போது எழும் அழுத்தம் உள்வைப்பின் கழுத்தைச் சுற்றிய எலும்பில்தான், முதல் சில மரைகளின் அளவில்தான், பெரும்பாலும் குவிகிறது. நுனிப்பகுதிக்குச் செல்வது சிறிதே. அந்த அழுத்தத்தைக் குறைப்பதில் நீளத்தைவிட விட்டமே கூடுதலாக உதவுகிறது என்று கணினி வழிக் கணக்கீடுகள் காட்டின. குட்டையாயினும் பருமனாக இருந்தால் சுமை பரவலாகும்.

குட்டை உள்வைப்பின்மேல் அமையும் பல்முடி அதைவிட உயரமாக இருக்கும். நெம்புகோல் போல அது அடியை ஆட்டிவிடாதா என்ற ஐயமும் இருந்தது. பல்முடி உள்வைப்பைப்போல் இரு மடங்கு உயரம் வரை இருந்த நோயாளிகளிலும், அதனால் மட்டும் எலும்பு கூடுதலாகக் கரையவில்லை என்றே ஆய்வுகள் தெரிவித்தன. ஆயினும் பல்முடியைப் பிடித்திருக்கும் சிறு திருகு தளர்வதுண்டு. அதைக் கவனிக்க வேண்டும்.

எண்கள் சொல்வது என்ன?

காரணங்கள் எவ்வளவு அழகாயினும் சான்று வேண்டும். சில எண்களைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

உள்வைப்பு மருத்துவ வல்லுநர்கள் 2018-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடி இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். 6 மி.மீ. அல்லது அதற்குக் குறைந்த உள்வைப்புகளை, அதைவிட நீண்டவற்றோடு ஒப்பிட்ட 10 ஆய்வுகள் தொகுக்கப்பட்டன. அனைத்தும் யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்த ஆய்வுகள். ஒருபுறம் 392 பேருக்கு 637 குறு உள்வைப்புகள். மறுபுறம் 383 பேருக்கு 653 நெடிய உள்வைப்புகள். ஓராண்டு முதல் 5 ஆண்டுகள் வரை கண்காணித்ததில், நிலைத்து நின்றவை குட்டையில் சராசரியாக 96 விழுக்காடு. நெடியதில் 98 விழுக்காடு. வேறுபாடு தற்செயலாலும் வந்திருக்கக்கூடிய அளவினதே.

ஆனால் சராசரி மட்டும் போதாது. நெடியவற்றின் வெற்றி ஆய்வுக்கு ஆய்வு 95 முதல் 100 விழுக்காட்டுக்குள் இருந்தது. குட்டையின் வெற்றியோ 86.7 முதல் 100 வரை விரிந்திருந்தது. குறு உள்வைப்பு பெரும்பாலும் வெல்கிறது. ஆனால் யார் கையில், யார் வாயில், எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து முடிவு கூடுதலாக மாறுகிறது என்பதே இதன் பொருள். எலும்பு குறைந்த இடத்தில், நிரப்பும் அறுவையின் தொல்லையைத் தவிர்க்கக் குறு உள்வைப்பு ஏற்கத்தக்க வழி என்று அக்கூட்டம் முடிவு கூறியது. முடிவை முன்கூட்டிச் சொல்லும் உறுதி அதில் சற்றுக் குறைவு என்பதையும் சேர்த்தே கூறியது.

நமக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு இன்னொன்று. மேல்தாடைக் கடைவாய்ப் பகுதியில் 5 முதல் 7 மி.மீ. எலும்பு உயரமே இருந்த 101 பேரை ஐரோப்பிய மருத்துவர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு எலும்பு நிரப்பாமல் 6 மி.மீ. உள்வைப்பு, மற்றப் பிரிவினருக்குச் சைனஸ் தளத்தை உயர்த்தி, எலும்பு நிரப்பி, 11 முதல் 15 மி.மீ. உள்வைப்பு. 5 ஆண்டுகளுக்குப் பின், குட்டையில் 98.5 விழுக்காடும் நெடியதில் 100 விழுக்காடும் நிலைத்திருந்தன. அறுவைக்கு எடுத்த நேரம் குட்டைக்குச் சராசரியாகச் சுமார் 53 நிமிடம். நிரப்பியதற்குச் சுமார் 75 நிமிடம். செலவு நிரப்பிய பிரிவில் ஏறத்தாழ இரு மடங்கு.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எலும்பு குறைவு என்ற கட்டாயம் இல்லாத இடத்தில், ஒற்றைப் பல்லுக்கு 6 மி.மீ. உள்வைப்பையும் 10 மி.மீ. உள்வைப்பையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. 5 ஆண்டு முடிவில் குட்டையில் 91 விழுக்காடே நிலைத்தது. நெடியதில் 100 விழுக்காடு. ஆகவே போதிய எலும்பு இருக்கும் இடத்தில், ‘சிறிய வேலை, விரைவில் முடியும்’ என்பதற்காகக் குட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எலும்பு நிரப்பி நெடியதைப் பொருத்துவதா, நிரப்பாமல் குட்டையைப் பொருத்துவதா என்ற நிலை வரும்போதுதான் குட்டை சமமான போட்டியாளராகிறது.

நிரப்புவதன் விலை

எலும்பு நிரப்புதல் தவறான சிகிச்சை என்று நான் கூறவில்லை. பல்லாயிரம் பேர் அதனால் நலம் பெற்றிருக்கிறார்கள். எலும்பு 5 மி.மீ.க்கும் வெகுவாகக் கீழே போய்விட்டால் மேல்தாடையில் பெரும்பாலும் அதுவே வழி. ஆயினும் அதற்கு ஒரு விலை உண்டு. சைனஸின் அடியில் உள்ள மெல்லிய சவ்வை உயர்த்தும்போது அது கிழிவதே மிகுதியாக நேரும் இடர். ஏறத்தாழ ஐந்து அறுவைகளில் ஒன்றில் அது நேர்கிறது. பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். நிரப்பிய எலும்பு முதிர 6 மாதம், சில வேளை 9 மாதம்கூடக் காத்திருக்க நேரும். கீழ்த்தாடையில் உயரம் கூட்டும் அறுவை இன்னும் கடினமானது. உதடு மரத்தல், தையல் பிரிதல் போன்ற தொல்லைகள் குறு உள்வைப்பில் நேர்வதைவிட அதில் மிகுதி.

இனி, நம் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி. நிரப்பும் பொருள் நான்கு வகைப்படும். முதலாவது நோயாளியின் சொந்த எலும்பு. இரண்டாவது, இறந்தபின் கொடையாக அளிக்கப்பட்ட மனித எலும்பு. மூன்றாவது விலங்கின் எலும்பு; மாட்டினுடையதே மிகப் பரவலாகப் புழங்குகிறது. நான்காவது, ஆய்வகத்தில் செய்யும் கால்சியம் பாஸ்பேட் வகைச் செயற்கைத் துகள். துகளின்மேல் போர்த்தும் கொலாஜன் சவ்வு பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டின் திசுவிலிருந்து வருவது. பல் எடுத்த குழியில் வைக்கும் பஞ்சு போன்ற பொருள் ஜெலட்டினாக இருக்கலாம். தையல் நூல் பட்டாக இருக்கலாம். பட்டைத் தவிர்ப்பவர்கள் நம்மில் பலர். ‘ஹைட்ராக்சிஅபடைட்’ என்ற பெயர் மட்டும் கண்டு செயற்கை என்று முடிவு செய்துவிடக் கூடாது. அது விலங்கெலும்பிலிருந்தும் பவளத்திலிருந்தும் கூடச் செய்யப்படுகிறது. மூலம் எது என்று கேட்க வேண்டும். இவை அனைத்துக்கும் மாற்று உண்டு. செயற்கைத் துகள், செயற்கைச் சவ்வு, செயற்கை நூல் ஆகியவை கிடைக்கின்றன. முன்கூட்டிக் கேட்டால் மருத்துவர் வரவழைக்க முடியும். மயக்க ஊசி போட்ட பின் கேட்டால் முடியாது.

குறு உள்வைப்பின் பயன் இங்கே விளங்கும். நிரப்பும் தேவையே பெரும்பாலும் நீங்குவதால் இக்கேள்விகளில் பெரும்பாலானவை எழுவதில்லை. எனினும் எலும்பின் அகலமும் குறைந்திருந்தால் குட்டைக்கும் சிறிது துகள் தேவைப்படலாம். எனவே அங்கும் கேட்பது நலம்.

யாருக்கு ஏற்றது, யாருக்கு அல்ல

குறு உள்வைப்பில் பிழைக்கு இடம் குறைவு. ஒரு சிறு கணக்கு. 12 மி.மீ. உள்வைப்பைச் சுற்றி நோயால் 3 மி.மீ. எலும்பு கரைந்தால் 9 மி.மீ. எஞ்சும், அது நிற்கும். 6 மி.மீ. உள்வைப்பில் அதே 3 மி.மீ. கரைந்தால் பாதி போய்விட்டது. ஆகவே எலும்பைக் கரைக்கும் காரணங்களை முதலில் ஆள வேண்டும்.

புகைப்பவர்கள் அதை விட்ட பின் வருவது நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையைச் செய்து, சர்க்கரை கட்டுக்குள் இருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஈறு நோய் இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்; இரவில் அணியும் பல் காப்பு தேவைப்படும். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கும் தாய்மார்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அவ்வகை மருந்துகள் சிலவற்றால் தாடை எலும்பு ஆறாமல் போகும் இடர் உண்டு. தாமாகவே மருந்தை நிறுத்திவிடவும் கூடாது.

அளவும் முக்கியம். குறு உள்வைப்பு 4 மி.மீ. விட்டமாவது இருப்பது நலம். அதன் இரு பக்கமும் 1 மி.மீ.க்குக் குறையாமல் எலும்பு சூழ வேண்டும். இதைச் சாதாரண எக்ஸ்ரே காட்டாது. முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் வேண்டும். அடுத்தடுத்து இரண்டு பற்கள் இல்லாத இடத்தில் இரு குறு உள்வைப்புகளின் பல்முடிகளையும் இணைத்துச் சுமையைப் பகிரச் செய்வதுண்டு.

எல்லா இடத்தையும் நிரப்பியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஒன்றோடொன்று பொருந்தும் 20 பற்கள் இருந்தாலே பெரும்பாலோர் நன்கு மெல்ல முடியும். கழற்றி மாட்டும் பல்செட்டும் மதிப்புக் குறைந்ததன்று. உடல்நிலை இடந்தராதவருக்கு அதுவே அறிவார்ந்த முடிவு.

மருத்துவரிடம் கேளுங்கள்

இந்த மலரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக, கேட்க வேண்டியவற்றை ஒரே இடத்தில் சொல்கிறேன். என் தாடையில் எலும்பின் உயரமும் அகலமும் எத்தனை மில்லிமீட்டர்? எலும்பு நிரப்பாமல் குறு உள்வைப்பு பொருத்த இயலுமா? இயலாதென்றால் காரணம் என்ன? நிரப்புவதானால் துகள், சவ்வு, நூல் ஒவ்வொன்றும் எதிலிருந்து செய்யப்பட்டவை? பொருத்தும் உள்வைப்பின் நீளம், விட்டம், தொகுப்பு எண் ஆகியவை குறித்த அட்டையைத் தருவீர்களா? தவறினால் அடுத்த வழி என்ன?

இவற்றைக் கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது. நல்ல மருத்துவர் மகிழ்ந்தே விடையளிப்பார். ‘கேட்டால் என்ன நினைப்பாரோ’ என்ற கூச்சத்தால்தான் நம் பெரியவர்கள் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

பொருத்திய பின் காப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பகல் உணவோடு நிறுத்தும் வழக்கம் உள்ளவர்கள், படுக்கும் வேளை வரை காத்திராமல், கடைசி உணவு முடிந்தவுடனே பல் துலக்கி, உள்வைப்பைச் சுற்றிய இடுக்குகளைச் சிறு தூரிகையால் தூய்மை செய்துவிட வேண்டும். பொழுது சாய்ந்தபின் நீரும் அருந்தாதவர்களுக்கு இது இன்னும் இன்றியமையாதது. உலர்ந்த வாயில் கிருமி எளிதில் தங்கும். நெடிய உபவாசம் மேற்கொள்பவர்கள் அறுவை ஆறும் வாரங்களைத் தவிர்த்து நாள் குறிப்பது நலம். ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் காட்டுங்கள். உள்வைப்பில் நரம்பு இல்லாததால் நோய் தொடங்கினாலும் வலி தெரியாது. இரத்தக் கசிவே முதல் எச்சரிக்கை.

நிறைவாக

அந்த மூதாட்டி அதன்பின் என்னிடம் வரமாட்டார் என்றே எண்ணியிருந்தேன். மூன்று ஆண்டுகள் கழித்து வந்தார். இம்முறை இடப்பக்கம். நாற்காலியில் அமரும் முன்பே, “இதிலும் அந்த மாவு உண்டா, தம்பி?” என்று கேட்டார்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். எலும்பு உயரம் 7 மி.மீ. இருந்தது; அகலம் போதுமானது. 6 மி.மீ. நீளமுள்ள இரண்டு உள்வைப்புகளைப் பொருத்தலாம், துகள் தேவையில்லை என்றேன். அதோடு நிறுத்தவில்லை. நெடியதைவிடச் சற்றே குறைந்த உறுதியே இதற்கு உண்டு என்பதையும், தவறினால் எடுத்துவிட நேரும் என்பதையும், தையலுக்குச் செயற்கை நூலே பயன்படுத்தப்போகிறேன் என்பதையும் சொன்னேன். உறையைப் பிரிக்கும் முன் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் சம்மதித்தார். அவ்விரண்டும் இன்றும் நிற்கின்றன, சுண்டல் மெல்கிறார்.

ஒருவர் வாயில் நின்றது எல்லோருக்கும் சான்றாகாது. அதனால்தான் உங்களுக்கு எண்களையும் சொன்னேன். எலும்பு குறைந்த இடத்தில், தக்க நோயாளிக்கு, தக்க அளவில் பொருத்தினால், குறு உள்வைப்பு நம்பத் தகுந்ததே. நெடியதற்கு நிகரான முடிவை 5 ஆண்டுகள் வரை அது காட்டியிருக்கிறது. பெரிய அறுவையையும் தவிர்க்கிறது. அதன் எல்லைகளை அறிந்து தேர்ந்தெடுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், உங்கள் உடலில் எது சேர்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். மருத்துவராகிய நாங்கள் கேளாமலே சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஒருமுறை சொல்லத் தவறியவன் என்ற முறையில் இதை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.